தெருவில் ஓடும் பத்துக் குடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள கிராமங்களில் சித்திரை மாதத்துக் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். குழாயடியிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குடம் சுமந்து வந்து, புழக்கடையில் வாடி நிற்கும் வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுகிறார். அதே நேரத்தில் அதே வீட்டின் குளியல் தட்டிக்குள்ளிருந்து சோப்பு நுரையுடன் தண்ணீர் வெளியேறிச் சுவரோரமாக ஓடித் தெருவில் தேங்குகிறது. செடிக்கென்று ஒரு பக்கம் தண்ணீர் சுமக்கிறார்கள். செடிக்குப் போயிருக்கக்கூடிய தண்ணீரை மறு பக்கம் தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

இதைச் சுட்டிக்காட்டினால், "ஒரு வீட்டுக் குளியல் தண்ணீரில் என்னங்க விளைந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களே அதிகம். கேள்வி நியாயமானதுதான். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவது நல்லது.

பத்துக் குடத்தின் கணக்கு

2019-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது 275 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் செலவாவது, கழிப்பறைக்குப் போவது, மாடு கன்றுக்கு வைப்பது எல்லாவற்றையும் கழித்தாலும், குளித்தது, துணி துவைத்தது, பாத்திரம் கழுவியது என்று சுமார் 150 லிட்டர் வெளியே போகிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் இது பத்துக் குடம்.

வாழைக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் நட்டது முதல் 4-ம் மாதம் வரை மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 5-ம் மாதம் முதல் குலை தள்ளும் வரை 20 லிட்டர், அதன் பின் 25 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. அதன்படி பார்த்தால், தெருவில் ஓடும் பத்துக் குடம் ஆறு வாழைகளுக்கு நட்டது முதல் வெட்டுவது வரை போதும். தனியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் சுமக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு ஏக்கர் மணிலாவுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு தண்ணீர் கட்ட வேண்டுமானால் 2 லட்சம் லிட்டர் தேவை. ஒரு வீட்டில் ஓராண்டு முழுவதும் புழங்கிக் கழியும் தண்ணீரோ மொத்தம் 55 ஆயிரம் லிட்டர்தான். அதாவது அந்த ஒரு பாய்ச்சலில் கால் பங்குக்குச் சற்றே கூடுதல். ஆகவே கொல்லையில் காயும் பயிரை இந்தத் தண்ணீர் காப்பாற்றும் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். அது காப்பாற்றக்கூடியது வீட்டைச் சுற்றியுள்ள மரம் செடிகளை. மாட்டுக்கான ஒரு கட்டுப் பசும்புல்லை. இதற்கென்று குடம் சுமக்கும் பெண்களின் இடுப்பை.

ஆனால் ஊர்க் கணக்கு வேறு. 300 வீடுகள் உள்ள ஊரிலிருந்து நாள்தோறும் 45,000 லிட்டர் வெளியேறுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ நான்கு லாரி. கோடையில் இதே அளவுத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் ஊரே குடத்துடன் ஓடி வரும். அதே தண்ணீர் சலதாரையில் ஓடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்பதில் வீடும் ஊராட்சியும் பின்பற்ற வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் செடி, மிஞ்சினால் உறிஞ்சுகுழி, இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் மட்டும் கால்வாய். பெரும்பாலான ஊர்களில் இன்று நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

மழை பெய்தும் தீராத குறை

விழுப்புரம் மாவட்டம் மழையே காணாத சீமை அன்று. ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது. 2024-ம் ஆண்டு பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலுள்ள மயிலத்தில், டிசம்பர் 1-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில் கொட்டியது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரை கடந்தன.

அத்தனையும் தங்கிவிடவில்லை. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் பூமிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும் நிற்கும் தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. பெருமழை எவ்வளவு பெய்தாலும் பாறை குடிக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு; மிச்சம் கடலுக்குப் போய்விடும். கடலோரமான மரக்காணம், வானூர்ப் பகுதிகளில் வேறொரு தொல்லை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் அபாயம் இருக்கிறது.

ஆகவே மழை வருவதும் வராததும் நம் கையில் இல்லை. வந்தது தங்குவதும் ஓரளவுக்குத்தான் நம் கையில் இருக்கிறது. குளித்த தண்ணீரோ மழைக்காலம், கோடைக்காலம் என்று பாராமல் தினமும் தவறாமல் வருவது. இவ்வளவு நம்பகமான வரத்து உள்ள வாய்க்கால் எந்த ஏரிக்கும் கிடையாது.

கழுநீர்ப் பானை சொல்லும் பாடம்

புழங்கிய தண்ணீரை மறுபடி பயன்படுத்துவது கிராமத்துக்குப் புதிய பாடம் அன்று. அரிசி களைந்த கழுநீரைக் கீழே கொட்டுகிற பெண் எந்தச் சம்சாரி வீட்டிலும் இருக்கமாட்டார். அது பானையில் சேர்ந்து மாட்டுக்குப் போகிறது. கிணற்றடியில் குளித்த காலத்தில் அந்தத் தண்ணீர் ஓடும் வழியில் வாழையும் சேம்பும் தென்னையும் தாமாகச் செழித்தன. யாரும் அதை ஒரு திட்டமாகச் செய்யவில்லை.

வழக்கம் மாறியதற்குக் காரணங்கள் உண்டு. குளியலறைக்குச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். அதன் துளையைத் தெருப்பக்கம் வைத்தார்கள். சீயக்காயும் அரப்பும் சாம்பலும் போய் சோப்பும் சலவைத்தூளும் வந்தன. குழாய் வீட்டுக்குள் வந்ததும் புழங்கும் தண்ணீரின் அளவு கூடிற்று. தண்ணீர் வரும் வழிக்குத் திட்டம் போட்ட அளவுக்கு அது வெளியே போகும் வழிக்கு யாரும் போடவில்லை.

தேங்கிய தண்ணீரின் தீமை கொசுவோடு முடிவதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, அழுக்குத் தண்ணீரில்தான் பெருகுகிறது. புதுச்சேரியில் 1975-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கொசு, பூச்சி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் 1980-களில் அந்நகரில் யானைக்கால் தடுப்புக்குப் பாடுபட்டபோது, மருந்து தெளிப்பதைவிடச் சாக்கடைகளையும் தேங்கும் குட்டைகளையும் ஒழுங்குபடுத்துவதற்கே முதன்மை தந்தது. ஊரின் மேட்டுத் தெருவில் ஓடும் தண்ணீர் பள்ளத்துத் தெருவில்தான் தேங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு வீடு வெளியே விடும் சோப்புத் தண்ணீர், இன்னொரு வீட்டுக் குழந்தையின் காய்ச்சலாகப் போய்ச் சேர்கிறது.

அருகிலேயே ஓர் உதாரணம்

இதற்கு நல்ல உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வானூர் வட்டத்தில், 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி தொடங்கப்பட்ட ஆரோவில் இருக்கிறது. மரமின்றி மழையில் அரித்துக் கிடந்த செம்மண் மேட்டில் எழுந்த குடியிருப்பு அது. அங்கே ஊர் முழுவதற்கும் ஒரே பெரிய சுத்திகரிப்பு நிலையம் என்ற முறைக்குப் பதிலாக, குடியிருப்புக்குக் குடியிருப்பு சிறு சிறு அமைப்புகள் கட்டப்பட்டன. கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் தெளிகிறது. பிறகு தடுப்புச் சுவர்கள் உள்ள அறைகளில் மேலும் கீழுமாகச் சென்று, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் அழுக்குக் குறைகிறது. அதன் பின் நாணலும் கல்வாழையும் நட்ட ஜல்லிப் பாத்தியின் ஊடே ஊறி வந்து, குளத்தில் காற்றும் வெயிலும் பட்டு, தோட்டத்துக்குப் போகிறது.

அந்த அமைப்பு கழிப்பறைத் தண்ணீரையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால் அத்தனை படிகள் தேவைப்படுகின்றன. குளித்த தண்ணீருக்கு மட்டும் என்றால் சிறு விவசாயிக்கு அதன் கடைசிப் பகுதி போதும். அதாவது ஜல்லியும் மண்ணும் செடி வேரும். சென்னையில் வேதியியல் பொறியாளர் இந்துகாந்த் ரகாடே இதையே வலியுறுத்தினார். குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணுக்குள் இறக்கும் எளிய முறையை அவர் பரப்பினார். நகரவாசிகளுக்கென்று 2005-ல் ஒரு கையேடும் வெளியிட்டார். அடுக்குமாடி வீட்டின் சுற்றுச்சுவர் ஓரத்தில் செய்ய முடிந்ததை, புழக்கடை உள்ள கிராமத்து வீட்டில் செய்ய முடியாதா?

செய்முறை

முதல் வேலை, தண்ணீரைப் பிரிப்பது. கழிப்பறைத் தண்ணீர் எக்காரணத்தாலும் இதில் கலக்கக்கூடாது. குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரும், வீட்டில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ கண்டவர் இருக்கும்போது அவர் துணி அலசிய தண்ணீரும் கழிப்பறைக்கே போக வேண்டும்.

குளியலறையிலிருந்தும் துவைக்கும் கல்லிலிருந்தும் ஒரு பி.வி.சி. குழாயை மீட்டருக்கு 2 செ.மீ. சரிவில் புழக்கடைக்குக் கொண்டு போகலாம். குழாய் முடியுமிடத்தில் அடியில் துளையிட்ட பழைய வாளி ஒன்றை வைத்து, அதில் தேங்காய் நாரை அடைத்துவிட்டால் முடியும் அழுக்கும் அதில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை நாரை மாற்ற வேண்டும். பாத்திரம் தேய்த்த தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், அதை ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு தொட்டி வழியாக விடுவது நல்லது. இல்லாவிட்டால் மண்ணின் துளைகள் அடைபட்டு நாற்றம் வரும்.

வாழை மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சுற்றிலும் ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள வட்டக் குழி எடுக்க வேண்டும். அதில் தென்னை மட்டை, உரிமட்டை, காய்ந்த சருகு, மணிலாத் தொலி ஆகியவற்றை நிரப்பலாம். தண்ணீர் இந்த மூடாக்கின் அடியில் போய் விழ வேண்டும்; மேலே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கக்கூடாது. மூடாக்கு மக்கி உரமாகும். ஆண்டுக்கொருமுறை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம்.

எல்லாத் தண்ணீரையும் தினமும் ஒரே குழியில் விடலாகாது. இரண்டு மூன்று குழிகள் வைத்து, ஏரி மடையில் முறை வைப்பதுபோல நாளுக்கு ஒன்றாக மாற்றிவிட்டால் மண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கார்த்திகை அடைமழையில் குழாயை உறிஞ்சுகுழிப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

சேமித்து வைத்துப் பயன்படுத்தலாம் என்று தொட்டியில் தேக்குவது பெரும் தவறு. ஒரு நாளுக்கு மேல் நின்றால் புழங்கிய தண்ணீர் கெட்டு நாற்றமடிக்கும், கிருமிகள் பெருகும். அன்றைய தண்ணீர் அன்றே மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

சோப்பும் சோடாவும்

"சோப்புத் தண்ணீர் ஊற்றினால் மண் கெட்டுவிடாதா?" என்பது அனுபவமுள்ள விவசாயி கேட்கும் கேள்வி. கெடக்கூடும் என்பதே நேர்மையான பதில். சலவைத்தூளிலும் சலவைச் சோடாவிலும் சோடியம் இருக்கிறது. அது மண்ணில் சேரச் சேர, களித்துகள்கள் பிரிந்து மண் இறுகும்; தண்ணீர் இறங்காது; மேலே வெள்ளை பூக்கும்; இலை ஓரம் கருகும். களர் நிலம் உண்டாவதும் இப்படித்தான். தண்ணீர் எளிதில் இறங்கும் மணற்பாங்கான செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. களிமண்ணில் விரைவில் தெரியும்.

தடுக்கும் வழி கடினமானதன்று. துணிக்கு முதலில் பிழியும் கெட்டிச் சோப்புத் தண்ணீரை உறிஞ்சுகுழிக்கு விட்டு, இரண்டாவதும் மூன்றாவதுமாக அலசும் தண்ணீரைச் செடிக்கு விடலாம். பிளீச்சிங் பவுடரும் தரை கழுவும் மருந்தும் கலந்த தண்ணீரைச் செடிப்பக்கம் அனுப்பவே கூடாது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் ஓரளவு உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அதற்கும் மேலே மண் இறுகுவதாகத் தோன்றினால், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ காட்டி, கார நிலை 8.5-க்கு மேல் போயிருந்தால் அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் இடலாம்.

ஜிப்சம் இந்தப் பகுதி விவசாயிக்குப் புதிதன்று. எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்தில், காய் திரட்சிக்காக மணிலாவுக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது பழகிப்போன வேலை. கொல்லையில் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து தரும் அதே ஜிப்சம், புழக்கடை மண்ணில் ஒட்டிய சோடியத்தை வெளியேற்றும்.

எந்தச் செடி, எது கூடாது

வாழை, தென்னை, முருங்கை, அகத்தி, கல்வாழை, மாட்டுக்குக் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவை இந்தத் தண்ணீருக்கு ஏற்றவை. வேகவைத்தே உண்ணும் சேம்பையும் வைக்கலாம்.

கீரை, கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, வெங்காயம், தரையில் படரும் வெள்ளரி ஆகியவற்றுக்கு இந்தத் தண்ணீர் ஆகாது. பச்சையாகத் தின்பதும் மண்ணை ஒட்டி விளைவதும் நல்ல தண்ணீரிலேயே வளர வேண்டும். இலை மீது படும்படி வாளியால் வீசுவதும் கூடாது. மண்ணில் விட்டு, வேர் எடுத்துக்கொள்ளச் செய்வதே முறை.

மிஞ்சியதற்கு மட்டும் குழி

மகாராஷ்டிர மாநிலம் நாந்தேட் மாவட்டத்துத் தேம்புர்ணி கிராமம் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி வெட்டி, சாக்கடையையும் கொசுவையும் ஒழித்ததாகப் பெயர் பெற்றது. மத்திய அரசும் 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ம் தேதி முதல் 100 நாட்களில் 10 லட்சம் உறிஞ்சுகுழிகள் என்ற இயக்கத்தை நடத்தியது. இடமில்லாத வீட்டுக்கு இது நல்ல வழிதான். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் வெட்டி, அடியில் பெருங்கல்லும் மேலே சிறு ஜல்லியும் நிரப்பினால் போதும். குடிநீர்க் கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் 10 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும். வெடிப்புப் பாறை உள்ள இடத்தில் இன்னும் தள்ளியிருந்தால் நல்லது. 2003-ல் சட்டத்தின்படி அமைத்த மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் குளியல் தண்ணீரை இணைப்பது, கிணற்றில் நேராக அழுக்கைக் கலப்பதற்குச் சமம்.

ஆனாலும் செடி வைக்க இடமுள்ள வீட்டில் குழி மட்டும் வெட்டுவது, தண்ணீரைத் தொலைத்துவிட்டுத் திருப்தியடைவதாகும்.

ஊராட்சி செய்ய வேண்டியது

2020-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம், புழங்கிய தண்ணீரை ஒழுங்குபடுத்த 5,000 பேர் வரையுள்ள ஊர்களுக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரையிலும், அதற்கு மேற்பட்ட ஊர்களுக்கு 660 ரூபாய் வரையிலும் செலவிட வகை செய்தது. 1,500 பேர் உள்ள ஊருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அந்தப் பணம் சிமெண்டுக் கால்வாயாக மாறினால் சில தெருக்களோடு தீர்ந்துவிடும். அதுவும் ஏரியிலோ குட்டையிலோ போய் முடிந்தால், மாடு குடிக்கும் தண்ணீரும் நாற்றாங்காலுக்குப் பாயும் தண்ணீரும் கெடும். அதே பணத்தில் வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு வடிகட்டி வாளி, இரண்டு கன்றுகள் என்று கொடுத்தால் ஊர் முழுவதையும் எட்டலாம்.

மூன்று சென்ட் தொகுப்பு வீட்டில் புழக்கடை ஏது என்ற கேள்வி எழும். அப்படிப்பட்ட தெருக்களில்தான் ஊராட்சியின் கடமை பெரிது. பத்துப் பதினைந்து வீட்டுத் தண்ணீரை ஒரு பொதுக் குழாயில் சேர்த்து, ஜல்லிப் பாத்தியில் வடித்து, புறம்போக்கு நிலத்தில் ஒரு வரிசைத் தென்னைக்கோ புல்லுக்கோ விடலாம். காயும் புல்லும் அந்தத் தெரு மக்களுக்கே உரியது என்று கிராம சபையில் முதலிலேயே தீர்மானம் செய்துவிட வேண்டும். பலன் யாருக்கு என்று தெரியாத மரத்துக்கு யாரும் காவல் இருக்கமாட்டார்கள். வடிகட்டியைக் கழுவவும் ஆள் வராது. மழைநீர்க் குழிகள் பல, வெட்டிய வேகத்தில் மண் மூடிப் போனதும் பராமரிக்க ஆளில்லாமல்தான்.

இஸ்ரேல் நாடு தன் நகரக் கழிவுநீரில் பெரும் பங்கைச் சுத்திகரித்துப் பயிருக்குப் பாய்ச்சுகிறது. அதற்குப் பெரிய எந்திரங்களும் நீண்ட குழாய்களும் அரசின் முதலும் தேவை. புழக்கடை வாழைக்கு அவை எதுவும் வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டி, பத்தடிக் குழாய், ஒரு பழைய வாளி, காய்ந்த மட்டை ஆகியவை போதும்.

ஊராட்சித் தீர்மானமும் திட்டப் பணமும் வரும்போது வரட்டும். குளியலறையின் துளையைத் தெருப்பக்கத்திலிருந்து புழக்கடைப் பக்கம் திருப்புவதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதைத் திருப்பிவிட்டால், செடிக்கென்று நாள்தோறும் சுமக்கும் குடங்கள் நின்றுவிடும். அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பொங்கலுக்குத் தார் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்காது.